பரீட்சைக்குப் போகும் வழி

இந்த நாட்டில் பரீட்சையையும் செருப்பைப் போலக் காலில் போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். மகள் காவ்யாவின் பள்ளிக்கூடத்தில் கல்லூரி அனுமதிக்கு ஆலோசனை சொல்ல ஒரு வெள்ளைக்கார அம்மையார் இருக்கிறார். எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நுழைவுப் பரீட்சையாக எஸ்.ஏ.டி. எழுதலாம், ஏ.சி.டி. எழுதலாம், இரண்டையுமே எழுதலாம், சில கல்லூரிகளுக்கு ஒன்றுமே வேண்டாம், எது வசதியோ அதைச் செய்யுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வசதியைக் கேட்டு வரும் பரீட்சையை நான் பார்த்ததே இல்லை.

நான் கேட்ட முதல் கேள்வி, பரீட்சை எங்கே நடக்கும், எந்த ரோட்டால் போக வேண்டும் என்பதுதான். எங்களிடம் கார் இல்லை என்று அம்மையார் நினைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, பரிவோடு, உதவி வாகனம் பற்றி விளக்க ஆரம்பித்தார். காவ்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏ.சி.டி. எங்கள் ஊரிலேயே, அவளுடைய பள்ளியிலேயே நடந்தது. எஸ்.ஏ.டி.க்கு இடம் கிடைத்ததோ நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போக வேண்டிய வேறொரு ஊரில். காவ்யாவுக்குப் பொறியியல் படிக்க ஆசை. அவள் விரும்பிய கல்லூரி கணக்குப் புள்ளியைத்தான் முதலில் பார்க்கும். நின்று யோசித்துச் செய்கிற பிள்ளை அவள். எஸ்.ஏ.டி.யில் ஒரு கணக்குக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் உண்டு. வீட்டில் எழுதிப் பார்த்தபோது ஏ.சி.டி. தாளில் கடைசிப் பகுதியைத் தொடவே அவளுக்கு நேரம் போதவில்லை. இதெல்லாம் தெரிந்தும், பக்கத்தில் இருப்பதையே எழுது என்று பிடிவாதமாக நின்றேன். காரணம் கேட்டாள். பயமாக இருக்கிறது என்றேன். எதற்குப் பயம் என்றாள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு அதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

இலங்கையில், பன்விலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் ஏ.எல். என்ற உயர்தர வகுப்புப் படிப்பதென்றால் கலைப் பிரிவு மட்டும்தான். பொறியியலுக்கு வேண்டிய இணைந்த கணிதத்தைத் தமிழில் படிக்க வேண்டுமானால் கண்டி டவுனுக்குப் போக வேண்டும். அது யுத்த காலம். என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் நன்றாகக் கணக்குச் செய்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. “கணக்கு பத்தி நான் ஒண்ணும் சொல்லலம்மா. ரோட்ட நெனச்சாதான் பயமா இருக்கு” என்றார். எங்கள் வீடுகளில் பாடத்தைத் தெரிவுசெய்வதென்றால் ரோட்டைத் தெரிவுசெய்வதுதான். நான் கண்டி ரோட்டைத் தெரிவுசெய்தேன்.

கணிதப் பரீட்சை அன்று காலை வத்துகாமம் என்ற ஊரைத் தாண்டியதும் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்தார்கள். மறித்தால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாரும் இறங்கி, ஐ.சி. என்ற அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். இறங்காமல் உட்கார்ந்திருப்பவர்மேல்தான் சந்தேகம் விழும். என் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் ஆமிக்காரர் ஒருவர் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். கொம்பாஸ் பெட்டியைத் திறந்து கவராயத்தை எடுத்து அதன் முனையைத் தடவிப் பார்த்தார். “மொன விபாகயத?” என்ன பரீட்சை என்று சிங்களத்தில் கேட்கிறார். “கணித” என்றேன். அவர் விட்டபோது பஸ் போயிருந்தது. பிந்திப் போய் மண்டபத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த நேரத்தில் எழுதினேன். சித்தியடைந்தேன், ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு அந்தப் புள்ளி போதவில்லை. பிறகு பஸ் பேராதனையைக் கடக்கும் போதெல்லாம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

கடைசியில் எஸ்.ஏ.டி. என்றே முடிவானது. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்தும் காவ்யா விட்டுக்கொடுக்கவில்லை. யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாளோ! சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். பாதி வழியில் பின்னால் நீலமும் சிவப்புமாக விளக்கு சுழன்றது. காரை ஓரங்கட்டினேன். அதுவரை சரியாகத்தான் செய்தேன்; இந்த நாட்டில் அதன்பின் காருக்குள்ளேயே இருக்க வேண்டும். பிறகு, பொலிஸ்காரர் வருவதற்கு முன்பே கதவைத் திறந்து, கைப்பைக்குள் கையை விட்டபடி, இறங்கி அவரை நோக்கி நடந்தேன்.

அவர் கத்தினார். என்ன கத்தினார் என்பது என் காதில் ஏறவில்லை. அவருடைய கை இடுப்பிலிருந்த துப்பாக்கிக்குப் போனது மட்டும் தெரிந்தது. அடையாள அட்டையைச் சீக்கிரம் காட்டினால் சீக்கிரம் விடுவார் என்று நினைத்து, கையை இன்னும் ஆழமாகப் பைக்குள் விட்டேன். அப்போது காருக்குள்ளிருந்து காவ்யாவின் குரல் வந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “அம்மா, பேக்க கீழ போடுங்க. கைய வெளிய எடுங்க. உள்ள வந்து உக்காருங்க.”

பையைப் போட்டேன். வெறுங்கையை உயர்த்தியபடி திரும்பி நடந்து, உள்ளே உட்கார்ந்து, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தேன். பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம், அவ்வளவுதான். ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டார். இறங்காமல் இருந்தால்தானே தப்பு என்று அவருக்கு எப்படி விளக்குவேன்? எங்கே போகிறீர்கள் என்றார். “கணக்குப் பரீட்சை” என்றேன். அது தமிழில் வந்துவிட்டது. காவ்யாதான் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் அவளுக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பிவைத்தார்.

காவ்யா நேரத்துக்கே பரீட்சை மண்டபத்துக்குள் போனாள். போகும்போது திரும்பித் திரும்பி ரோட்டையே பார்த்துக்கொண்டு போனாள். என் அப்பாவுக்கு அன்று பயம் ரோட்டில் இருந்தது. நானோ அதைக் காருக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் கணக்கு எழுதி முடிக்கும் வரை அந்த வாகனத் தரிப்பிடத்தில், நிறுத்திய காருக்குள் உட்கார்ந்திருந்தேன். இந்த நாட்டு வழக்கப்படி இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. கால் மட்டும், இறங்கு இறங்கு என்று துடித்துக்கொண்டே இருந்தது.