அக்கா படித்துவிட்ட கமென்ட் வரிகள்

இதை யாரிடமும் காட்டாதீர்கள், ப்ளீஸ். முக்கியமாக என் அக்காவிடம்.

அடுத்த மாதம் கல்யாணமாகி அவள் பிரான்சுக்குப் போகிறாள். வீட்டில் நான் சொல்வது ஒன்றுதான்: "போவட்டும், கட்டிலு எனக்கு."

இன்று கம்ப்யூட்டர் மிஸ், "ஹோம்வொர்க் புரோகிராம நோட்புக்கா அனுப்பாதீங்கடி, வெறும் பைதான் ஃபைலா மாத்தி அனுப்புங்க" என்றார். அக்காவின் லேப்டாப்பில் மாற்றி, அவள் மெயிலிலிருந்தே அனுப்பினேன்.

நோட்புக் என்கிற அந்தக் கம்ப்யூட்டர் ஃபைலில், புரோகிராம் கோடுக்கு நடுவே உள்ள குறிப்புப் பெட்டிகளில் மனதில் பட்டதையெல்லாம் எழுதிவைப்பேன். மாற்றினால் கோடு மட்டும்தான் வரும் என்று நினைத்தேன். எல்லாக் குறிப்பும் முன்னால் ஒரு # போட்டுக்கொண்டு, கமென்ட் வரிகளாகக் கூடவே போயிருக்கிறது.

ராத்திரி அக்காவின் மெயிலுக்கு மிஸ் பதில் போட்டிருந்தார்: "புரோகிராம் நல்லா ஓடுது. கமென்ட்டை அவ அக்கா நீங்க ஒரு தடவ படிங்க."

அக்கா திறந்து படித்துவிட்டாள்.

# அக்கா போனப்புறம் இந்த ரூம்ல எனக்குத் தூக்கம் வராது.

ரூமைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. என்ன சொல்லித் தப்பிப்பது? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஐயோ, தட்டுகிறாள்.

"கதவத் தொறடி. கம்ப்யூட்டருதான் அந்த வரியெல்லாம் படிக்காது. நான் படிப்பேன்."