புகைக்கு ஆர்டர் போட்டவள்

தண்ணீர் பம்பு செய்யும் அந்தக் கம்பெனியில் எதை வாங்குவதானாலும் அவள் கையெழுத்து வேண்டும். இரும்பு வார்ப்பிலிருந்து கேன்டீன் தட்டு வரை. கொள்முதல் பிரிவுக்குத் தலைவியான பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் உலவியது: கத்திரி. யார் என்ன விலை சொன்னாலும் நுனியைக் கொஞ்சம் நறுக்காமல் விடமாட்டாள். பெயர் அவள் காதுக்கும் வந்தது. கோபம் வரவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அவள் தங்கை குடியிருந்தது கம்பெனிக்குப் பின்தெருவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் அங்கே போனபோது, தங்கை கொடியில் காய்ந்த சட்டையை எடுத்து இவள் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஒரே புகை நாற்றம்.

"உங்க கம்பெனிலதான் எரிக்கிறாங்கக்கா. வேற யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியல."

மறுநாள் அவள் தன் அறைக்குக்கூடப் போகாமல் பின்பக்கக் காலி இடத்துக்குப் போனாள். உடைத்த மரப்பெட்டிகள் குவிந்து எரிந்துகொண்டிருந்தன. வெளியே உள்ள வார்ப்புப் பட்டறைகளிலிருந்து வார்ப்புகள் வருகிற பெட்டிகள். ஆணியைப் பிடுங்கித் திறந்ததோடு அவற்றின் ஆயுள் முடிந்துவிடும். எரிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ஏன் எரிக்கிறீர்கள் என்று யாரும் கேட்டதுமில்லை. பெட்டிக்குத் தனி விலை கிடையாது. வார்ப்பின் விலைக்குள்ளேயே அது ஒளிந்திருந்ததால் இவள் கண்ணிலும் படவில்லை.

கூட்டம் போட்டுப் பேசுவதைவிடக் காட்டிவிடுவதே மேல் என்று நிதிப் பிரிவுத் தலைவரை அங்கேயே அழைத்து வந்தாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"இந்தப் புகையை நாமதான் சார் காசு கொடுத்து வாங்கறோம். ஆர்டர்ல இருக்கறது என் கையெழுத்து."

அவளிடம் யோசனை ஒன்று இருந்தது. மரத்துக்குப் பதில் மடக்கக்கூடிய இரும்புக் கூண்டு. வார்ப்பு ஏற்றி வரும் லாரி எப்படியும் காலியாகத்தான் திரும்புகிறது. கூண்டுகளை மடக்கி அதிலேயே அனுப்பிவிடலாம். ஒருமுறை செய்தால் பல வருஷம் உழைக்கும். ஒரே ஒரு பட்டறையோடு முயன்று பார்க்கச் சம்மதம் கிடைத்தது.

பட்டறைக்காரர்தான் மசியவில்லை. வருஷா வருஷம் இவளிடம் விலையில் அடி வாங்கியவர்.

"இன்னைக்குக் கூண்டும்பீங்க. அடுத்த வருஷம், உனக்குத்தான் பெட்டிச் செலவு மிச்சமாச்சேன்னு அதையும் விலையில பிடிச்சுக்குவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா மேடம்?"

சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் தப்பில்லை, அதைத்தான் செய்திருப்பாள். திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தாள். பிறகு நிர்வாக இயக்குநரிடம் பேசி, மூன்று வருஷ ஒப்பந்தம் ஒன்று தயாரித்தாள். மிச்சமாவதில் பாதி பட்டறைக்கு, பாதி கம்பெனிக்கு. அந்த மூன்று வருஷமும் அதற்கு மேல் வார்ப்பு விலையில் கை வைப்பதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டறைக்காரர் ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

முதல் மாதமே சோதனை வந்தது. கூண்டுக்குள் வார்ப்புகள் உரசி, வழவழவென்று இருக்க வேண்டிய பரப்பெல்லாம் கீறல். பம்பு பூட்டும் வேலை அரைநாள் நின்றது. மரப்பெட்டியே மேல் என்று உற்பத்தி மேலாளர் நேராக மேலிடத்துக்குப் போய்விட்டார். நிர்வாக இயக்குநர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் தடுமாறவில்லை.

"கூண்டு நல்லாத்தான் இருக்கு சார், அதோட தரைதான் சரியில்ல. ஒரு வாரம் குடுங்க. சரிப்படலைன்னா மரப்பெட்டிக்கு நானே ஆர்டர் போட்டுடறேன்."

காலிக் கூண்டு ஏற்றிய லாரியில், ஓட்டுநர் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டறைக்குப் போனாள். ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் முதுகுக்குப் பின்னால் இரும்பு கடகடத்தது. அங்கே அவளும் பட்டறைக்காரரும் ஒரு கூண்டைப் பிரித்து வைத்து, சாக்கைப் போட்டுப் பார்த்தார்கள், கிழிந்தது. பலகை போட்டார்கள், நழுவியது. மூலையில் மணல் ஏற்றும் எந்திரத்தின் தேய்ந்த ரப்பர் பட்டை சுருண்டு கிடந்தது. இருவர் கண்ணும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதன்மேல் போயிற்று. வெட்டி விரித்து, வார்ப்பை அடுக்கி, அதே லாரியில் ஏற்றிக் கரடுமுரடான பாதையில் ஒரு சுற்றுச் சுற்ற வைத்தார்கள். இறக்கிப் பார்த்தபோது ஒரு கீறல் இல்லை.

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இத்தனை வருஷமா ஃபோன்லயே விலை பேசினீங்க. முதல்லயே இங்க வந்திருக்கலாம் மேடம்."

வந்திருக்கலாம்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

அதன்பிறகு மளமளவென்று நடந்தது. ஆணி பிடுங்கும் வேலை இல்லாததால் லாரி சீக்கிரம் காலியானது. கையில் ஆணி கீறி முதலுதவிக்கு ஓடுவதும் நின்றது. மற்றப் பட்டறைகளுக்கும் கூண்டு எப்போது வரும் என்று கேட்டு வந்தவர் வேறு யாருமில்லை, அதே உற்பத்தி மேலாளர். பம்பு வாங்க வந்த பெரிய நிறுவனத்தார் கழிவை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, அவர்களை நடத்திக்கொண்டு போய்க் காட்ட, இப்போது எதுவும் எரியாத அந்தப் பின்பக்கக் காலி இடம் இருந்தது. ஆர்டர் கிடைத்தது.

போன வாரம் பெயின்ட் விற்பவர் வந்தார். காலி டிரம்களைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று அவள் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தாள். பேரம் பேசத் தயாராக வந்தவர்போல அவர் தெரியவில்லை.

"பட்டறைக்காரர்கிட்ட விசாரிச்சேன். தைரியமாப் போய்ப் பேசு, சொன்னா சொன்னபடி நடப்பாங்கன்னார்."

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"சரி, உங்க கஷ்டம் என்னன்னு முதல்ல சொல்லுங்க."