இல்லாத குளம்

காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜவுளிக்கடை மாடியில் சுஹைனாவின் அலுவலகம். வானிலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் பார்த்து வெளிநாட்டு நிலங்களுக்கு வரைபடம் போடும் வேலை. அந்த மாதம் வந்தது ஓர் எரிமலைப் பாலைவனம். எப்போதோ அணைந்துபோன மலைகள், அவற்றுக்கிடையே மாட்டுப் பண்ணைகள். சுஹைனா நேரில் ஒரு மலையைக்கூடப் பார்த்ததில்லை. வயலும் வாய்க்காலும் கடலுமாகத் தட்டையாகக் கிடக்கும் ஊர். ஆனாலும் மேடுபள்ளக் கோடுகளை அவளைப்போல் சுத்தமாக இழுக்க அங்கே ஆளில்லை.

சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த கணவன் இஃபாத்திடம் ஒருநாள், பாலைவன நடுவில் குளம் கண்டுபிடித்ததாகப் பெருமையடித்தாள். நீலம் பூசி வரைபடத் தாளை அனுப்பியும் ஆயிற்று.

இஃபாத் சவூதிப் பாலைவனத்தில் ஆட்டுக் கிடைகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். சோற்றைப் பிசைந்தபடி, "ஆடு மாடு போன தடம் இருந்துச்சா புள்ள?" என்று கேட்டான்.

"வட்டமா கரை இருந்துச்சு மச்சான். உள்ளே கறுப்பா தண்ணி."

"காரைக்கால்காரிக்கு வட்டமா எதைப் பார்த்தாலும் குளந்தான்."

சிரித்துவிட்டு, பிறகு சொன்னான். வரைபடக் காகிதத்தில் கிணறு இருக்கிறதென்று நம்பி ஒரு முதலாளி தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டாராம். பத்து நாள் கழித்து இவன் போனபோது கிடையில் ஓர் ஆடுகூட நிற்கவில்லை. மேய்த்தவனையும் காணோம். ஆடுகளைப் பற்றித்தான் எல்லோரும் விசாரித்தார்கள்.

மறுநாள் காலை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பண்ணையின் தண்ணீர்த் தொட்டிகளை நோக்கி நாலாபுறமிருந்தும் மாட்டுத் தடங்கள் நூல்நூலாக வந்து கூடின. அவளுடைய குளத்துக்கு ஒரு தடமும் இல்லை. அது எரிமலையின் வறண்ட வாய். உள்ளே இருந்தது உறைந்த கறுப்புக் குழம்பு.

பிழையைப் போய்ச் சொன்னதும், குழுத் தலைவர் நெடுமாறன் வாசல் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி இந்த மாசந்தான் எழுதியிருக்கேம்மா. யாருமே கேக்கல. நீயா ஏன் போய் மாட்டிக்கிற?"

அவர் கெட்டவர் இல்லை. அநியாயம் பாதி இப்படி நல்லவர்களின் அக்கறையில்தான் நடந்துவிடுகிறது.

"அந்த நீலத்தை நம்பி ஒருத்தன் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போவான் சார்."

பிழை தன்னுடையதென்று வரைபடம் கேட்டவர்களுக்குத் தன் பெயரிலேயே எழுதினாள். திருத்திய தாள் போனது. நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

குளம் என்னவாயிற்று என்று சாயங்காலம் இஃபாத் கேட்டான்.

"தூர்த்துட்டேன். நம்மூர்ல குளத்தைத் தூர்த்தவனெல்லாம் மனை போட்டு வித்துட்டான். எனக்கோ வர இருந்த நிரந்தரமும் தள்ளிப்போச்சு."