வளரும் அளவு

எங்கள் அக்காவிடம் யாராவது புதிதாக அறிமுகமானால், அவர்களுடைய பெயர் அவள் மனதில் பதிவதற்கு முன் தோள் அளவு பதிந்துவிடும். இருபத்திரண்டு வருடமாகத் தையல்தான் அவளுக்குத் தொழில். பள்ளிச் சீருடை தைப்பதில் எங்கள் வட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை அவளே சொல்லிவிடுவாள், நீங்கள் கேட்கக்கூட வேண்டியதில்லை. நான் அவள் தங்கை. பட்டன் வைப்பதும் காஜா எடுப்பதும் என் வேலை. திட்டு வாங்குவதும் என் வேலைதான்.

அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. அளக்காமல் துணியில் கத்திரி வைக்க மாட்டாள். "பழைய சட்டை இருக்கு, அதப் பாத்து வெட்டிடுங்க" என்று யாராவது வந்தால், சட்டையைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை அழைத்து வரச் சொல்வாள். இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளைகளை அளந்ததும் இரண்டு அங்குலம் கூட்டித்தான் நோட்டில் எழுதுவாள். அந்த இரண்டு அங்குலத்தை உள்பக்கம் மடித்துத் தைத்துவிடுவோம்; வருட நடுவில் பிரித்து விட்டால் பாவாடை மறுபடி முழங்காலைத் தொடும். இதற்கு எங்கள் கடையில் 'வளரும் அளவு' என்று பெயர். எந்தப் பிள்ளையும் அவளை ஏமாற்றியதில்லை. எல்லாம் ஒழுங்காக வளர்ந்தன.

வளராமல் போக்குக் காட்டியது அவள் பெற்ற பிள்ளை ஒன்றுதான். எட்டு வயது. வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவோம். வகுப்பிலேயே அவள்தான் குள்ளம், வாயில் மட்டும் குறைவில்லை.

போன வருடம் பள்ளியில் எல்லோரையும் பக்கத்தில் இருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ரயில் மாதிரி ஏறி இறங்கிக் குட்டிக்கரணம் போடும் ராட்டினம் ஒன்று. வாசலில் உயரம் பார்க்கும் பலகை. வகுப்பில் எல்லோரும் கோட்டைத் தாண்டினார்கள், சுண்டு ஒருத்தி மட்டும் தாண்டவில்லை. டீச்சர் அவளை பெஞ்சில் உட்கார வைத்து, எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இருபத்தேழு பைகள். வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. பைகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கி வைத்ததைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள். அக்கா மிஷினில் உட்கார்ந்து ஒரு சட்டையின் கையை உடம்போடு சேர்த்துத் தைத்தாள். அதைப் பிறகு நான்தான் பிரித்தேன். கை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு தையலை அவளிடம் நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு பெரிய தீம் பார்க். அங்கே இருப்பதிலேயே பெரிய ரயில் ராட்டினத்தில் சுண்டு ஏற வேண்டும். பார்க் இருப்பது வெகு தூரத்தில். ரயில், தங்கும் அறை, நுழைவுச் சீட்டு என்று ஆயிரம் வேலை. அவள் வீட்டுக்காரரான மாமாவிடம் விட்டால் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு அடுத்தது என்ன என்று எங்களையே கேட்பார். அதனால் ஒரு டிராவல் ஏஜென்டைப் பிடிப்பது என்று ஆயிற்று. பிடிக்கப் போனது அக்காவும் நானும்.

முதலில் பார்த்தவர் சிரிப்புக்காரர். நாங்கள் உட்காருவதற்குள்ளேயே "ஆமா" என்றுதான் ஆரம்பித்தார். அறை நன்றாக இருக்குமா, ஆமா. பயணம் சிரமமில்லாமல் இருக்குமா, ஆமா. அக்கா உயரத்தைப் பற்றி விசாரித்தாள். பார்க்கில் நூற்றிருபது சென்டிமீட்டர் கேட்பார்கள் என்றும், கனமான அடி வைத்த ஷூ போட்டு அழைத்து வந்தால் விஷயம் முடிந்தது என்றும் சொல்லி, அதற்கும் சிரித்தார். அக்கா எழுந்துவிட்டாள். வெளியே வந்ததும் அவர் சட்டையின் காஜா கோணல் என்று என்னிடம் சொன்னாள். அவள் அகராதியில் அதற்கு மேல் வசவு கிடையாது.

இரண்டாமவர் குளிரூட்டிய அறையில் இருந்தார். சுவர் அகலத்துக்குத் திரை வைத்து, பார்க்கை மேலிருந்து, கீழிருந்து, பறவை பார்ப்பது போல என்று விதவிதமாகக் காட்டினார். உயரப் பேச்சை எடுத்ததும், "கேட்ல நம்ம ஆளு இருக்கார், ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்" என்றார். அந்த ஆளின் பெயர் என்ன என்று அக்கா கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றார். நம் ஆளின் பெயரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் குளிரை விட்டு வர மனமே இல்லை.

மூன்றாவது இடம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. இரண்டு நாற்காலிகள், அதில் ஒன்றின் மேல் ஃபைல்கள். ஏஜென்ட் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றி விட்டுவிட்டு மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். இவளிடமா நம் குடும்பத்தை ஒப்படைப்பது என்று நான் நினைத்தேன். அக்கா கண்ணாடி இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, கூட வருகிற பிள்ளைக்கு என்ன உயரம் என்பது. நாங்கள் இன்னும் பிள்ளை என்றே வாய் திறக்கவில்லை. தீம் பார்க் என்றுதான் சொல்லியிருந்தோம்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. கையோடு கொண்டுபோயிருந்த அளவு நோட்டை விரித்து, நாற்பத்தெட்டு அங்குலம் என்று படித்தாள். மாடிக்காரி கணக்குப் போட்டு, நூற்றிருபத்திரண்டு வருகிறது, சரியாகத்தான் இருக்கிறது என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். யார் அளந்தது, எப்போது அளந்தது, செருப்போடா செருப்பில்லாமலா என்று அடுக்கினாள். வீட்டில் சுவரோடு நிற்க வைத்து மறுபடி அளந்து சொன்னால்தான் டிக்கெட் போடுவேன் என்றும் சொல்லிவிட்டாள்.

அக்காவுக்குச் சுருக்கென்று வந்தது. "இருபத்திரண்டு வருஷமா அளக்கிறேன். எனக்கு அளக்கச் சொல்லித் தர்றீங்களா?"

"நீங்க நல்லாத்தான் அளந்திருப்பீங்க" என்றாள் அவள், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல். "ஆனா கேட்ல நிக்கிறவர்கிட்ட உங்க நோட்ட நிக்க வைக்க முடியாதுக்கா. பொண்ணத்தான் நிக்க வைக்கணும்."

கோடு சும்மா அலங்காரத்துக்குப் போட்டதில்லை என்றும் விளக்கினாள். அந்த வண்டியில் உட்கார்ந்ததும் ஒரு கம்பி இறங்கி மடியை அழுத்திப் பிடிக்கும். சின்ன உடம்பாக இருந்தால் கம்பிக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி நிற்கும். தலைகீழாகப் போகும்போது அந்த இடைவெளி போதும். அதைக் கேட்டு அக்காவின் கோபம் ஒரு கணம் இறங்கியதை நான் கவனித்தேன். பிறகு அது திரும்பி வந்துவிட்டது, மாடியை விட்டு இறங்கி வந்துவிட்டோம்.

வழி முழுக்கப் பொரிந்து தள்ளினாள். பிழைக்கத் தெரியாதவள், வந்த லட்சுமியை விரட்டுகிறாள், கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடுகிறவள் என் அளவைச் சந்தேகப்படுகிறாள். சிரிப்புக்காரரே தேவலை என்ற அளவுக்குப் போய்விட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.

வீட்டுக்குள் நுழைந்த கையோடு சுண்டுவைக் கூப்பிட்டாள். அளந்து பார்ப்பதற்காக இல்லை, மாடிக்காரியின் மூக்கை உடைப்பதற்காக. குதிகால், முதுகு, தலை மூன்றும் சுவரில் ஒட்ட வேண்டும். தலைமேல் மரஸ்கேலைப் படுக்க வைத்து, சுவரில் பென்சிலால் ஒரு கோடு. டேப்பைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றாள். என்னைப் பிடிக்கச் சொன்னாள். நானும் பிடித்தேன். நாற்பத்தாறரை.

இரண்டு பேரும் நோட்டைப் பார்த்தோம். பள்ளி திறந்த வாரத்தில், ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அளந்து எழுதிய அதே கையால், சுண்டுவின் உயரத்தையும் எழுதியிருக்கிறாள். அன்றைக்கு அவள் இருந்தது நாற்பத்தாறு. கை தானாக இரண்டைக் கூட்டிவிட்டது. வளரும் அளவு. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. அவள் வெட்கப்பட்டாள், அதைவிடப் பயந்துபோயிருந்தாள். அந்த நோட்டை நம்பி, அவ்வளவு தூரம் அழைத்துப் போய், மறுபடியும் ஒரு பலகைக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தியிருப்பாள்.

சுவரோடு ஒட்டி நின்றபடியே சுண்டு கேட்டாள். "குறையுதாம்மா?"

அக்கா டேப்பைச் சுருட்டினாள். "நீ குறையல. என் நோட்டு கூடிப்போச்சு."

அன்று மாமா வேலை முடிந்து வந்ததும் அக்கா தீர்ப்பைச் சொன்னாள்: மாடிக்காரியிடம்தான் போகிறோம். காலையில் அவளைத் திட்டிய திட்டெல்லாம் என்னவாயிற்று என்று நான் கேட்டேன். "அளக்காம வெட்ட மாட்டேங்கிறா. நம்ம ஜாதி அவ, தொழில்ல" என்றாள். அதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை.

மறுநாள் படியேறிப் போய், தப்பாக எழுதிவிட்டேன் என்று நேராகவே சொன்னாள். பூசி மெழுகவில்லை. அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாடிக்காரி அதைப் பெரிதுபடுத்தாமல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். இப்போதே போவதானால் சின்ன ராட்டினங்கள் ஐந்தாறில் ஏறலாம், பெரியதில் முடியாது என்றாள். அக்கா தலையாட்டி மறுத்தாள். "அப்போ வளரட்டும், அப்புறம் டிக்கெட் போடலாம்" என்று மாடிக்காரி சொல்லி, அக்கா நீட்டிய முன்பணத்தையும் வாங்காமல் எங்களை அனுப்பிவிட்டாள். பெரிய விடுமுறைக்கு ஏழு மாதம் இருந்தது.

அந்த ஏழு மாதமும் ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் மாடிக்காரி போன் செய்தாள். "எவ்வளவு?" என்று ஒரே கேள்வி. அக்கா அளந்து வைத்திருப்பாள். மாமா சுண்டுவைக் கதவு நிலையில் தொங்க விட்டார், அதனால் கைதான் வலித்தது. சுவரில் பென்சில் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறின. சில மாதங்களில் கோட்டின் மேலேயே கோடு விழுந்தது. அப்படி விழுந்த நாட்களில் சுண்டு சரியாகச் சாப்பிடவில்லை, அக்காவும்தான்.

ஐந்தாவது மாதம் ஸ்கேலைத் தலைமேல் வைக்கும்போது அக்காவின் கை கொஞ்சம் தயங்கியதை நான் பார்த்தேன். சுண்டுவுக்கு அடர்த்தியான சுருட்டை முடி. ஸ்கேலை அழுத்தாமல் முடிமேல் மிதக்க விட்டால் நாற்பத்தேழரை வந்துவிடும். அக்கா மூச்சை விட்டுவிட்டு, ஸ்கேலை மண்டையில் படும்வரை அழுத்தினாள். நாற்பத்தேழு. அதையே போனில் சொன்னாள். அன்றைக்குக் கடையில் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு போட ஆரம்பித்தாள். இடது பக்கம் இன்றைய அளவு, வலது பக்கம் வளரும் அளவு.

ஏழாவது மாதம் நாற்பத்தேழே முக்கால் வந்தது. அக்கா மூன்று முறை அளந்தாள், மாமா ஒரு முறை, நான் ஒரு முறை. மாடிக்காரி அதற்கும் அசைந்து கொடுக்காமல், சுவரோடு டேப் பிடித்துப் போட்டோ அனுப்பச் சொன்னாள். போட்டோ போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடம் ரயில், அறை, நுழைவு மூன்றுக்கும் டிக்கெட் வந்தது. கூடவே ஒரு செய்தி: "பெரிய ரயிலுக்குக் காலைல முதல் ஆளா போய் நில்லுங்க. முடிய மேல தூக்கிக் கட்டாதீங்க, பிரிக்கச் சொல்லுவாங்க."

போனோம். ரயில் நேரத்துக்கு வந்தது, அறை சொன்னபடி இருந்தது, பார்க்கின் எந்த வாசலில் கூட்டம் குறைவு என்பது வரை அவள் எழுதிக் கொடுத்தது அச்சுப் பிசகவில்லை. காலை வெயில் ஏறுவதற்குள் பெரிய ராட்டினத்தின் வரிசையில் முதலாவதாக நின்றோம். தலைக்கு மேலே தண்டவாளம் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. அதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்த மாமா, கீழே ஒரு பொறுப்பான ஆள் இருப்பது நல்லது என்று சொல்லி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் பலகை. சீருடை போட்ட ஆள் சுண்டுவைப் பார்த்ததும் விரலால் பலகையைக் காட்டினார். அவர் சொல்வதற்கு முன்பே அவள் ஷூவைக் கழற்றியிருந்தாள். குதிகால், முதுகு, தலை மூன்றையும் பலகையில் ஒட்டி நின்றாள், ஏழு மாதப் பழக்கம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. அந்த ஆள் தலைமேல் கையை வைத்து அழுத்தி, குனிந்து கோட்டைப் பார்த்தார். வண்டியில் ஏறியதும் கம்பிக்கும் மகள் மடிக்கும் நடுவில் அக்கா விரலை விட்டுப் பார்த்தாள், இடுப்புப் பட்டி பார்க்கிற மாதிரி. விரல் போகவில்லை. ஆனால் அது பிறகு நடந்தது.

"போம்மா" என்றுதான் அவர் சொன்னார், அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே.

சுண்டு ஷூவை மாட்டிக்கொண்டாள். இரண்டு அடி போனவள், ஏதோ நினைவு வந்தது போல நின்று, திரும்பி பெஞ்சுக்கு ஓடினாள். தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி மாமாவின் மடியில் வைத்தாள். என் பையையும் அக்காவின் பையையும் வாங்கி அதன் மேல் அடுக்கினாள்.

"பத்திரமா பாத்துக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் உள்ளே போனாள்.