கரிசக்காட்டுச் சுவரில் காபூல் சேதி

அருப்புக்கோட்டைக்கு வந்த புதிதில் என்னை நடுங்கவைத்த கேள்வி ஒன்று உண்டு. "எங்க கிளம்பிட்டீக?" வாசல் தெளிக்கிறவர், மாடியில் துணி காயப்போடுகிறவர், முன்பின் தெரியாத சைக்கிள்காரர் என்று எல்லோரும் அதைக் கேட்டார்கள். நான் பிறந்து வளர்ந்த காபூலில், கடைசிக் காலத்தில், துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மட்டுமே அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். சாலையை மறித்து நின்று, காருக்குள் தலையை நீட்டி, எங்கே போகிறாய் என்பார்கள். அந்தத் தெரு அன்றைக்கு எந்தக் கூட்டத்தின் கையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான பதில் சொல்ல முடியும். அந்தப் பழக்கத்தில், கீரை வாங்கப் போன என்னை மளிகைக்கடை அண்ணாச்சி "எங்க கிளம்பிட்டீக?" என்று கேட்டதும், கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோ நல்லா விழுந்திருக்கும்மா" என்று சொல்லித் திரும்பக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது கேள்வியே இல்லடி. 'இங்க பக்கத்துல'ன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இரு" என்றாள். நான் பிழையில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வாக்கியம் அதுதான்.

என் பெயர் நஸ்ரின். காபூல் வானொலியில் பெண்கள் நிகழ்ச்சிக்குச் செய்தி சேகரித்து, அதை நானே வாசித்தும் வந்தேன். அதற்கு முன்பு, எண்பதுகளின் தொடக்கத்தில், உதவித்தொகை பெற்று டெல்லியில் படித்தேன். விடுதியில் என் அறைத்தோழியாக வாய்த்தவள்தான் எஸ்தர். அருப்புக்கோட்டைக்காரி. விடுமுறை முடிந்து வரும்போது அவள் காரச்சேவும் கருப்பட்டியும் கொண்டுவருவாள். நான் வால்நட்டும் உலர்ந்த மல்பெரியும் கொண்டுபோவேன். படிப்பு முடிந்ததும் அவள் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனாள். நான் காபூல் திரும்பி, ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ரொட்டி அடுப்படிகளுக்கும் நெசவாலைகளுக்கும் போய்ப் பெண்களைப் பேசவைத்தேன். போரில் கணவனை இழந்தவர்கள் பேசினார்கள். படிக்க அனுப்பாத அப்பாக்களைப் பற்றி மகள்கள் பேசினார்கள். அவர்களுக்குப் பேச நிறைய இருந்தது.

தொண்ணூற்றிரண்டில் ஆட்சி மாறியது. ஒரு நாள் முற்பகல், நான் ஒலிபரப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது ஆயுதத்தோடு ஒருவர் உள்ளே வந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. "சகோதரி, இனிமேல் உன் குரல் இந்தச் சுவருக்கு வெளியே கேட்க வேண்டாம்" என்றார். அந்த மரியாதைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. என் குரல் வெளியே கேட்கத்தான் செய்தது. வேறொரு பெயரில், கையால் பிரதி எடுத்த ஒரு சிறு பத்திரிகையில். அதில் என்னோடு எழுதியவளை அவள் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். தோளில் பட்டுப் பிழைத்தாள். அம்மா வீட்டுக் கம்பளங்களை விற்று என்னை விமானத்தில் ஏற்றினார். தங்கை ஷகீலாவும் அம்மாவும் மலைப்பாதை வழியாகப் பெஷாவர் போனார்கள்.

டெல்லியில் என்னைப் போல ஓடிவந்தவர்களோடு ஒரே அறையில் இருந்தேன். செய்தி வாசித்தவள் ஒருத்தி, வழக்கறிஞர் ஒருத்தி, பெண்கள் சங்கம் நடத்தியவள் ஒருத்தி. எல்லோரும் சட்டைக்குப் பொத்தான் தைத்தோம். யாரும் பழைய வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. என் நிலையைக் கேள்விப்பட்ட எஸ்தர் ரயிலேறி வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். "கிளம்பு" என்றாள். அவ்வளவுதான்.

மலையும் பனியும் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் கரிசல் சமவெளி முதலில் விளங்கவில்லை. எதன்மீதும் மோதாமல் கண் போய்க்கொண்டே இருந்தது. உடைமரமும் வறண்ட கண்மாயும் வானமும்தான். தனியாகப் பஸ் ஏறிய முதல் நாள், கண்டக்டர் "எந்த ஊரு?" என்று கேட்டார். சொந்த ஊரைக் கேட்கிறார் என்று நினைத்துக் "காபூல்" என்றேன். "கமுதியா? அந்தப் பஸ்ஸு அங்கிட்டு நிக்குது, எறங்குங்க" என்றார். இறங்கிவிட்டேன். கமுதி பஸ்ஸில் கொஞ்ச தூரம் போயும்விட்டேன்.

அந்த நாட்களில் எஸ்தர், பள்ளி விட்டதும், திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் வழியில் ஒரு சிற்றூரில் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு எடுத்துவந்தாள். வீட்டில் தனியே கிடக்காதே என்று என்னையும் இழுத்துப் போனாள். நானும் பெண்களோடு தரையில் உட்கார்ந்து அ, ஆ எழுதினேன். பத்திரிகைக்காரியாக இருந்தவளுக்கு வடை கட்டித் தந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை என்பது அந்தப் பெண்களுக்குப் பெரிய சந்தோஷம். "பரவால்ல தாயி, நமக்குச் சோடி ஒருத்தி வந்துட்டா" என்றார் முத்திருளாயி. ஆடு மேய்ப்பவர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். வகுப்புக்கு ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால், "வீட்ல இருந்தா வேல சொல்வாக" என்பார். எல்லோருக்கும் முன்னால் எழுத்துக் கூட்டிப் படித்ததும் அவர்தான்.

பாடப் புத்தகம் முடிந்ததும், இனி எதைப் படிப்பது என்ற கேள்வி வந்தது. நாமே எழுதிப் படித்தால் என்ன என்றேன், அரைகுறைத் தமிழில். பழைய காலண்டர்த் தாள்களின் முதுகில் ஊர் விஷயங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒட்டினோம். பெயர் 'சேதி'. முதல் தாளிலேயே முத்திருளாயியின் எழுத்து வந்தது: "காது கிழிந்த கருப்பு வெள்ளாட்டைக் காணோம். யார் வீட்டில் கட்டிக் கிடக்கிறது என்று தெரியும். பெயர் அடுத்த தாளில்." அடுத்த தாள் வருவதற்குள் ஆடு தானாகவே வீடு வந்து சேர்ந்துவிட்டது. காபூலில் நான் சேகரித்த எந்தச் செய்திக்கும் இவ்வளவு வேகமாகப் பலன் கிடைத்ததில்லை.

மூன்றாவது தாளில்தான் வம்பு வந்தது. ஊரின் ஒரே அடிபம்பு பல மாதமாக உடைந்து கிடந்தது. பெண்கள் கண்மாய்க்கு அப்பாலிருந்த கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தார்கள். பழுதுபார்க்கும் வேலையை எடுத்திருந்த உள்ளூர்ப் பெரியமனிதர், வேலை முடிந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெண்கள் எழுதினார்கள்: "அடிபம்பு சரியாகிவிட்டது என்கிறவர் ஒரு குடம் தண்ணீர் அடித்துக் காட்டட்டும்." பஸ்ஸுக்கு நின்றவர்கள் வாசித்துச் சிரித்தார்கள். மறுநாள் தாள் கிழிந்து கிடந்தது. அதற்கு மறுநாள் அவர் எஸ்தர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், ஒங்க மேல மரியாத உண்டு. ஆனா ஒங்க வீட்ல இருக்குறவுக வேத்து நாட்டு ஆளு. எங்க ஊரு விசயத்துல அவுகளுக்கு என்ன சோலி? ஸ்டேஷன்ல ஒரு பேச்சு சொன்னா, இருக்க விட மாட்டாக" என்றார். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்து, "சாப்டாச்சாம்மா?" என்று கேட்டார்.

ஒலிபரப்பு அறைக்குள் வந்தவரின் அதே மரியாதை. நான் இங்கே தங்குவதற்கான அனுமதியை அவ்வப்போது காவல்துறையில்தான் புதுப்பிக்க வேண்டும். பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினேன். எஸ்தர் கெஞ்சினாள், திட்டினாள். என்னால் அவளுக்கும் தொல்லை வரும் என்று பிடிவாதமாக இருந்தேன். வகுப்புக்குப் போகவில்லை.

இரண்டொரு நாளில் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே போனால், தாழ்வாரம் முழுக்க எங்கள் வகுப்புப் பெண்கள். காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்களாம். எஸ்தர்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். "நீயா எழுதுன? நாங்கல்ல எழுதுனோம்! நீ பாட்டுக்குப் பெட்டி கட்டுறியாமே" என்று முத்திருளாயி என்னை அதட்டினார். அவர் கையில் அதே செய்தி, புதிய தாளில். கீழே ஒவ்வொருத்தியும் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதியிருந்தாள்.

அதிகாரி நடுவயதுக்காரர். கிழிந்த தாளின் துண்டு அவர் மேசைமேல் இருந்தது. "ஒங்களுக்குத் தமிழ் எழுதத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியும் சார்" என்றேன் பெருமையாக. எஸ்தர் என்னைக் கிள்ளினாள்.

"எங்க, அடிபம்புன்னு எழுதுங்க பாப்போம்."

எழுதினேன். குறிலும் நெடிலும் எனக்கு அன்றும் இன்றும் எதிரிகள். அவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஆடுபாம்புன்னு எழுதியிருக்கீக" என்றார். நிலையமே சிரித்தது. நானும் சிரித்தேன்; பயத்தோடு சிரிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. "இவுக எழுதுனது இல்ல இது" என்று அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "நாங்கதான் சார்" என்று புதிய தாளை நீட்டினார் முத்திருளாயி. அதிகாரி ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தார். பெயர் வந்தவள் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் போல.

"சரி, பம்பு ஓடுதா ஓடலையா?"

"நீங்களே வந்து அடிச்சுப் பாருங்க சார்."

அவர் போனாரா என்று தெரியாது. ஆனால் சில நாட்களில் மெக்கானிக் வந்தார், தண்ணீர் வந்தது. பெரியமனிதரும் வந்து நின்றார். முதல் சொம்புத் தண்ணீரை முத்திருளாயி அவரிடமே நீட்டினார். அவர் குடித்தார். "தண்ணீர் வந்தது, நன்றி" என்று அடுத்த 'சேதி'யில் போட்டோம். அதைப் படித்துவிட்டு, அதில் தன் பெயர் ஏன் இல்லை என்று அவர் வருத்தப்பட்டாராம். நான் பெட்டியைப் பிரித்து, துணிகளை மறுபடி கொடியில் போட்டேன்.

காபூலில் எனக்காக யாரும் வந்து நிற்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். அங்கே நின்றிருந்தால் செத்திருப்பார்கள். இங்கே நிற்க முடிந்தது, நின்றார்கள். இரண்டு ஊர்களையும் ஒப்பிட உட்காரும்போதெல்லாம் எனக்குக் கடைசியில் இது மட்டும்தான் மிஞ்சுகிறது.

தொண்ணூற்றாறில் தாலிபான்கள் காபூலைப் பிடித்தார்கள். சிற்றலை வானொலியில் எங்கள் நிலையத்தைத் தேடினேன். ஒரு பெண் குரல்கூட இல்லை. சில நாட்கள் வகுப்புக்கும் போகாமல் வானொலியைத் திருகிக்கொண்டே இருந்தேன். முத்திருளாயி அருப்புக்கோட்டைச் சந்தைக்கு ஆடு கொண்டுவந்தவர், அப்படியே வீட்டுக்கு வந்தார். "ஒங்க ஊரு சேதிய மட்டும் ஏன் போட மாட்டேங்குற?" என்றார். "யார் படிப்பாக?" என்றேன். "ஆடு காணாமப் போனதயே படிக்கிறாக. இத்தன பொம்பளைகளக் காணோங்குறத படிக்க மாட்டாகளா?"

அன்றிலிருந்து 'சேதி'யில் நடுவே ஒரு கோடு விழுந்தது. இடப்பக்கம் 'நம்மூரு', வலப்பக்கம் 'நஸ்ரினூரு'. பள்ளிகள் மூடப்பட்டது, வேலைக்குப் போன பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டது எல்லாம் வலப்பக்கம் வந்தன. எழுதியது நான், குறில் நெடிலைத் திருத்தியவர்கள் மற்றவர்கள். இந்த வலப்பக்கத்தின் பாரசீகப் பிரதி டெல்லித் தோழிகளுக்குப் போகிறது. அவர்களில் ஒருத்தி இப்போது பொத்தான் தைப்பதை விட்டுவிட்டு மறுபடி எழுதுகிறாள்.

போன வாரம் எஸ்.டி.டி. பூத்தில் ஷகீலாவின் அழைப்பு வந்தது. பெஷாவரில் தன் ஒற்றை அறையில், அகதிச் சிறுமிகளுக்கு வகுப்புத் தொடங்கிவிட்டாளாம். மிரட்டல் உண்டு, ஆனாலும் நடக்கிறது என்றாள். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பஸ் நிறுத்தத்துக்குப் போனால் அது 'நம்மூரு' பக்கத்தில் ஒட்டியிருந்தது.

"அக்கா, இது வலப்பக்கம் வரணும்."

"அங்கிட்டு எடமில்ல தாயி" என்றார் முத்திருளாயி, பசைக் கையைச் சேலையில் துடைத்தபடி.

நரிக்குடி பஸ் வந்து நின்றது. நின்றவர்களுக்கு அவர் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசிலை ஊதினார். "ஏறுறவுக ஏறுங்க!"

"இருங்கண்ணே, பெசாவர்ச் சேதியில பாதிதான் போயிருக்கேன்."

யாரும் ஏறவில்லை. நான் ஒரு காலைப் படியில் வைத்து நின்றபடி, இந்தக் கரிசல் வெயிலில், என் தங்கையின் பெயரை முத்திருளாயி 'சகிலா' என்று வாசிப்பதைக் கேட்டேன். திருத்தத் தோன்றவில்லை.