பூசை விழுந்தது யாருக்கு?

இன்று காலை சுவிஸின் பீல் நகரில், தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில், கூட வேலை செய்யும் ரூபன் அண்ணை கைபேசியை நீட்டினார். அமெரிக்கன் ஃபுட்போல். ஒருவன் ஹெல்மெட்டால் இன்னொருவனின் தலையில் இடிக்கிறான். விழுந்தவனின் விரல்கள் அப்படியே விறைத்து நிற்கின்றன.



"நல்ல பூசை விழுந்தது" என்றார் அண்ணை.

"ஓம், பாத்தன். ஆள் எழும்பினவனோ?"

"விழுந்தவனுக்கில்லை, இடிச்சவனுக்கு."

அபராதத்துக்கு இங்கே ஜெர்மன் மொழியில் 'பூஸ' என்பார்கள். நம்மவர் வாயில் அது பூசையாகிவிட்டது. நானோ ஊர்ப் பேச்சில் பூசை என்றால் அடி என்பதால், அடி என்று நினைத்துவிட்டேன்.

"அப்ப அவனை இனி விளையாட விடமாட்டினமோ?"

"ஏன் விடாமல்? காசைக் கட்டிப்போட்டு அடுத்த கிழமையும் இறங்குவான்."

சொல்லிவிட்டு அதே இடியை மறுபடி ஓடவிட்டுச் சிரித்தார்.

காசைக் கட்டினால் மண்டையை உடைக்கலாம் என்றால், அது அபராதமா, டிக்கெட்டா?