இடது பக்கத்துப் புழுவெட்டு

புரட்டாசியில் டெங்கு வந்து என்னைப் பிழிந்து காயப்போட்டது. ஜுரம் இறங்கியது. மார்கழி பிறப்பதற்குள் தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடியும் போயிருந்தது. அதுவும் இடது காதுக்கு மேலே. நான் கச்சேரிகளில் பக்கவாத்தியமாக வயலின் வாசிப்பவள். மேடையில் மிருதங்கத்தைப் பார்த்து உட்காரும்போது சபைக்குத் தெரிவது என் இடது பக்கம்தான். வலது பக்கம் கொட்டியிருந்தால் திரைச்சீலை மட்டும் பார்த்திருக்கும். என் தலைக்கு அந்த இங்கிதம்கூட இல்லை.

"புழுவெட்டுடீ. தூங்கறச்சே பூச்சி கடிச்சிருக்கும்" என்று அம்மா சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தாள். நான் சாம்பார் வாசனையோடு சாதகம் செய்தேன்.

ஆழ்வார்பேட்டை தோல் டாக்டர் சிரித்தார். "பூச்சியெல்லாம் இல்லம்மா. உங்க எதிர்ப்பு சக்தியே முடி வேரை எதிரின்னு நெனச்சு அடிக்குது. டெங்கு மாதிரி உடம்புக்குப் பெரிய அடி விழுந்தா சிலருக்கு இது கிளம்பலாம். அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது." தலையில் ஊசி போட்டுவிட்டு, "டென்ஷன் ஆகாதீங்க" என்றார். கொசு கடித்ததற்கு முடியை அடிக்கிற உடம்பை வைத்துக்கொண்டு டென்ஷன் ஆகாமல் எப்படி இருப்பதாம்?

மயிலாப்பூர் கச்சேரிக்கு முந்தின நாள் மிருதங்கக்காரருக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, நாளைக்கு மட்டும் இடம் மாத்தி உக்காரலாமா?"

"என்னது? மிருதங்கத்தோட வலது பக்கம், அந்த வலந்தலை, சுவத்தப் பாத்துண்டு இருக்கணுமா? ஜனங்க கேக்க வேண்டாமா?"

காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

அம்மா முழம் முழமாக மல்லிகையை இடது பக்கம் குவித்துக் குத்தி அனுப்பினாள். தோடி ஆலாபனையின் நடுவில் அத்தனை பூவும் மொத்தமாக மடியில் விழுந்தது. ஒரு கையில் வில், ஒரு கை தந்தியில். மயிலாப்பூரே என் மண்டையைப் பார்ப்பதுபோல் உடம்பு கூசியது. எப்படியோ வாசித்து முடித்தேன்.

கச்சேரி முடிந்து மிருதங்கத்தை உறையில் போட்டபடி அண்ணா கேட்டார்: "தோடியில காந்தார ஸ்வரம் ரெண்டு எடத்துல விலகித்தே, கவனிச்சியோ?"

"நீங்க என் தலையைப் பாக்கலையா?"

"பாத்தேன். இதுக்குத்தான் எடம் மாத்தச் சொன்னியா? அசடு! தலை, டாக்டர் பாடு. காந்தாரம் உன் பாடு."

பங்குனியில் முடி முளைத்தது, வெள்ளையாக. காந்தாரம் இன்னும் என் பாடாகத்தான் இருக்கிறது.